நாரத்தை இனப் பழத்தோல்

நாரத்தை இனப் பழத்தோல் என்பது எலுமிச்சை, நார்த்தங்காய், கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி, கடாரங்காய், பம்பளிமாசு முதலிய கனிகளின் வெளியுறை ஆகும். தாவரவியலில் இக்கனிகள் அனைத்தும் சிட்ரசு எனப்படும் நாரத்தைப் பேரினத்தைச் சேர்ந்தவை. சாறு பிழிந்தபின் எஞ்சும் தோல் பெரும்பாலும் கழிவாகவே கருதப்படுகின்றது. ஆயினும் எடைக்கு எடை ஒப்பிடும்போது சுண்ணாம்புச் சத்து, நார்ப்பொருள், உயிர்ச்சத்து சி ஆகியவை சதையைவிடத் தோலிலேயே மிகுதியாக உள்ளன. தமிழர் சமையலில் ஊறுகாய், வற்றல், பச்சடி, குழம்பு ஆகிய வடிவங்களில் இத்தோல் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டின் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் பழைய சோற்றுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் துணையாக உண்ணப்படும் உப்பு நார்த்தங்காய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் உண்ணப்படுவது பெரும்பாலும் தோலே.

பெயர்

நார்த்தை அல்லது நாரத்தை என்னும் பெயர் ஊருக்கு ஊர் சற்று வேறுபட்ட கனிகளைக் குறிக்கின்றது. தடித்த தோலும், குறைந்த சாறும், மிகுந்த மணமும் உள்ள கனியே பொதுவாக இப்பெயரால் அறியப்படுகின்றது. ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ஆரஞ்சு என்ற சொல், அரபு, பாரசீக மொழிகள் வழியாக வடமொழியின் நாரங்க என்ற சொல்லிலிருந்து சென்றது. அவ்வடமொழிச் சொல்லுக்கும் திராவிட மொழிகளே மூலமாக இருக்கலாம் என மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். இலங்கைத் தமிழில் எலுமிச்சை தேசிக்காய் எனவும், ஆரஞ்சு தோடம்பழம் எனவும் வழங்கப்படுகின்றன.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் எலுமிச்சை என்ற பெயரில் விற்கப்படும் மெல்லிய தோல் கொண்ட உருண்டைக் காய், மேலைநாட்டு நூல்கள் கூறும் பெரிய மஞ்சள் எலுமிச்சை அன்று. இரண்டும் வெவ்வேறு இனங்கள். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் மேலைநாட்டு அட்டவணைகளில் உள்ள எண்களை அப்படியே நம் ஊர் எலுமிச்சைக்கு ஏற்றிச் சொல்வது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

தோலின் அமைப்பு

தோல் இரு அடுக்குகளைக் கொண்டது. வெளிப்புறத்தில் நிறமுள்ள மெல்லிய அடுக்கு உள்ளது. இதில் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. பழத்தின் மேல் தெரியும் சிறு புள்ளிகள் இவையே. இச்சுரப்பிகளில் உள்ள எண்ணெயின் முதன்மைக் கூறு லிமோனீன் என்னும் சேர்மம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் இதுவே. எலுமிச்சைக்குரிய தனி மணத்தைத் தருவது சிட்ரால் என்னும் வேறொரு சேர்மம். ஆரஞ்சுத் தோலை மெழுகுவர்த்திச் சுடரின் அருகே மடித்துப் பிதுக்கினால் பொறி பறப்பதும், ஊதிய பலூனின் மேல் அதன் எண்ணெய் பட்டால் பலூன் வெடிப்பதும் லிமோனீனால்தான். அது எளிதில் தீப்பற்றும், ரப்பரையும் கரைக்கும். பள்ளிச் சிறுவர் ஒருவர் கண்ணில் ஒருவர் தோலைப் பிதுக்கி விளையாடுவதும் இவ்வெண்ணெயை வைத்தே. கண்ணுக்கு அது நல்லதன்று.

உட்புறத்தில் பஞ்சு போன்ற வெள்ளை அடுக்கு உள்ளது. நார்த்தங்காயில் இது மிகத் தடித்துக் காணப்படும். எலுமிச்சையில் ஏறக்குறைய இல்லை எனலாம். பெக்டின் என்னும் கரையும் நார்ப்பொருளும், பிளேவனாய்டு வகைச் சேர்மங்களும் இவ்வடுக்கில் மிகுதி. பழக்கூழ் கெட்டிப்படுவதற்குப் பயன்படும் பெக்டின், உலகச் சந்தைக்கு முதன்மையாக இத்தோலிலிருந்தே எடுக்கப்படுகின்றது.

ஊட்டச்சத்து

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுகளின்படி, 100 கிராம் பச்சை ஆரஞ்சுத் தோலில் ஏறத்தாழ 136 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி, 161 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 10.6 கிராம் நார்ப்பொருள் ஆகியவை உள்ளன. ஆரஞ்சுச் சதையில் உயிர்ச்சத்து சி 53 மில்லிகிராமும், சுண்ணாம்புச் சத்து 40 மில்லிகிராமும் மட்டுமே. மஞ்சள் எலுமிச்சையின் தோலில் இவை முறையே 129, 134 மில்லிகிராம். நார்ப்பொருள் ஆரஞ்சுத் தோலின் அளவே. அதன் சாற்றில் உயிர்ச்சத்து சி 39 மில்லிகிராம் அளவில்தான் உள்ளது.

இவ்வெண்களைப் படிக்கும்போது அளவை மறக்கலாகாது. ஒருவர் 100 கிராம் தோலை ஒரே நாளில் உண்பதில்லை. ஒரு மேசைக்கரண்டித் துருவிய தோல் ஏறத்தாழ 6 கிராம் எடையுள்ளது; அதில் கிடைக்கும் உயிர்ச்சத்து சி ஏறத்தாழ 8 மில்லிகிராமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020 இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை என்கின்றது. அதாவது ஒரு கரண்டித் தோல் ஓர் ஆணின் அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தரும். ஒரு கொய்யாப்பழம் இதைவிடப் பன்மடங்கு தரும்.

தோலின் வெள்ளைப் பகுதியில் உள்ள எசுபெரிடின் என்னும் பிளேவனாய்டு 1828 இல் பிரான்சில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நாளங்கள் தொடர்பான நோய்களுக்கும் மூல நோய்க்கும் தரப்படும் சில மாத்திரைகளில் இது ஒரு கூறாக உள்ளது. ஆனால் மாத்திரையில் தரப்படுவது தூய்மை செய்து அளவிட்ட மருந்து. ஒரு துண்டு ஊறுகாயால் அதே பயன் கிடைக்கும் என்று கொள்ள இடமில்லை. தோல் புற்றுநோயைக் குணப்படுத்தும், கொழுப்பைக் கரைக்கும் என்று பரப்பப்படும் செய்திகளும் இவ்வகையினவே. ஆய்வகக் கலங்களிலும் எலிகளிலும் கண்ட விளைவுகள் மனிதரில் குணமாக்கும் மருத்துவமாக நிறுவப்படவில்லை.

கடலூரும் ஸ்கர்வி நோயும்

உயிர்ச்சத்து சி உணவில் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்குக் கடலூர்க் கடற்பரப்பே ஒரு வரலாற்றுச் சான்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690 இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1783 இல் கடலூர் பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸியின் வசம் இருந்தது. அதை மீட்க ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் தரை வழியாக முற்றுகையிட்டார். கடலில் எட்வர்டு ஹியூஸ் தலைமையில் 18 போர்க்கப்பல்கள் துணை நின்றன. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சப்ரானிடம் 15 கப்பல்களே இருந்தன. 1783 சூன் 20 அன்று நடந்த சண்டைக்குப் பின் ஹியூஸ் கடலூரை விட்டுச் சென்னைக்குத் திரும்பினார். எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் அவர் பின்வாங்கியதற்குச் சண்டையில் ஏற்பட்ட இழப்பு மட்டும் காரணமன்று. அவருடைய மாலுமிகளிடையே ஸ்கர்வி நோய் பரவியிருந்தது, குடிநீரும் தட்டுப்பட்டது. சில நாட்களில் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்து முற்றுகையும் முடிவுற்றது.

ஸ்கர்வி என்பது உயிர்ச்சத்து சி குறைபாட்டால் ஈறு வீங்கிக் குருதி கசிதல், பழைய புண்கள் மீண்டும் திறத்தல், தளர்ச்சி, இறுதியில் இறப்பு ஆகியவற்றை உண்டாக்கும் நோய். இச்சேர்மம் இல்லாமல் உடலால் கொலாசன் என்னும் இணைப்புப் புரதத்தை உறுதியாக அமைக்க இயலாது. கடலூர்ச் சண்டைக்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, 1747 இல், ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் சாலிசுபரி என்ற கப்பலில் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவாகத் தேறினர். இதை அவர் 1753 இல் நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795 இல்தான். இடைப்பட்ட காலத்தில் கடலூருக்கு வந்த கப்பல்களும் அவற்றுள் அடங்கும்.

இவ்வரலாற்றில் சமையலறைக்குரிய செய்தி ஒன்று உண்டு. நெடும்பயணத்தில் கெடாதிருக்க, சாற்றைச் சூடாக்கிக் குறுக்கிப் பாகாக எடுத்துச் செல்லுமாறு லிண்டே பரிந்துரைத்தார். அப்பாகு பெரிதும் பயனற்றுப் போனது. வெப்பமும் காற்றும் உயிர்ச்சத்து சியை அழித்துவிட்டன. பின்னர் 1860களில் மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் பச்சை எலுமிச்சை வழங்கப்பட்டது. அதன் சாற்றில் இச்சத்துக் குறைவு. 1875 இல் புறப்பட்ட ஆங்கிலேய ஆர்க்டிக் பயணக்குழுவில் ஸ்கர்வி மீண்டும் தோன்றியது. வெயிலில் பல நாள் காய்ந்த நார்த்தங்காயும், எண்ணெயில் வதக்கிக் கொதிக்கவைத்த தோல் குழம்பும் இதே விதிக்கு உட்பட்டவை. அவற்றில் சுண்ணாம்புச் சத்தும் நார்ப்பொருளும் பெருமளவு எஞ்சும். உயிர்ச்சத்து சியில் பெரும்பகுதி எஞ்சாது. ஊறுகாயை உயிர்ச்சத்து சியின் ஊற்று என எழுதுவோர் இதைக் கருத்தில் கொள்வதில்லை.

சமையல் பயன்பாடு

கடலூர் மாவட்டத்தில் நெல், கரும்பு, முந்திரி, பலா ஆகியவை பெயர்பெற்ற விளைபொருட்கள். நாரத்தை இனம் முதன்மைப் பயிர் அன்று. வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை நார்த்தை மரமே பல குடும்பங்களின் ஆண்டுத் தேவைக்குப் போதுமானதாக இருந்து வந்துள்ளது. நெல் விளையும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் நீராகாரமும் பழைய சோறும் உழவர் காலையுணவாக இருந்தமையால், புளிப்பும் உப்பும் கொண்ட தொடுகறி தேவையாயிற்று.

உப்பு நார்த்தங்காய் செய்ய, காயை நன்கு கழுவித் துடைத்து ஈரமின்றி உலர்த்துவர். பின் தோலும் சதையும் அற்றுப்போகாமல் சுருளாக அரிந்து அல்லது நான்காகக் கீறி, உள்ளே கல்லுப்பைத் திணிப்பர். மஞ்சள் தூள் சேர்ப்பதும் உண்டு. அவற்றைப் பீங்கான் ஜாடியில் அடுக்கி, வாயைத் துணியால் வேடு கட்டி வைப்பர். நாள்தோறும் குலுக்கிவிட வேண்டும். சில நாட்களில் உப்பு காயின் நீரை வெளியே இழுத்து ஜாடியில் உப்புநீர் தேங்கும். அதன்பின் பகலில் காயை எடுத்து வெயிலில் காயவைப்பதும், மாலையில் அதே உப்புநீரில் திருப்பிப் போடுவதுமாக, நீர் முழுதும் காயினுள் ஏறும்வரை தொடர்வர். இறுதியில் மேலே உப்புப் பூத்துக் கருத்துச் சுருங்கிய வற்றல் கிடைக்கும். இது ஆண்டுக்கணக்கில் கெடாது. பழையதாக ஆக ஆகச் சுவை கூடும் என்பது பெண்டிர் வழக்கு. பித்தம், குமட்டல், வாய்க்கசப்பு ஆகியவற்றுக்கு ஒரு துண்டை வாயில் அடக்குவதும் காய்ச்சலில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வதும் வழக்கம்.

இம்முறையில் நடப்பது எளிய அறிவியலே. மிகுந்த உப்பும் காயின் இயற்கைப் புளிப்பும் சேர்ந்து, உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளரவிடாமல் தடுக்கின்றன. புளிப்பில் நாட்பட ஊறும்போது வெள்ளைப் பகுதியின் பெக்டின் சிறிது சிறிதாகச் சிதைந்து தோல் மெதுவாகின்றது. கசப்புச் சேர்மங்களில் ஒரு பகுதி கரைந்து பரவ, எஞ்சியதை உப்பு நாவுக்கு மறைக்கின்றது. கடலோரமாகிய கடலூரில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதாலும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்வதாலும், வற்றல் போடும் காலம் கோடைதான். காயாமல் எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ட துண்டை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை உண்பது பாதுகாப்பானதன்று.

எலுமிச்சை ஊறுகாய் யாவரும் அறிந்தது. சாறு பிழிந்த எலுமிச்சை மூடிகளை வீணாக்காமல் உப்பிட்ட ஜாடியில் நாள்தோறும் சேர்த்து, நிறைந்தபின் மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் சேர்த்துத் தாளிப்பதும் உண்டு. விதைகளை நீக்கிவிட வேண்டும். கசப்பு அவற்றிலிருந்தே மிகுதியாக இறங்கும்.

ஆரஞ்சுத் தோல் குழம்பு ஒப்பீட்டளவில் பிற்காலத்தது. கமலா ஆரஞ்சின் தோலைப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அதில் வதக்கி, புளிக்கரைசல், உப்பு, மஞ்சள், சிறிது வெல்லம் சேர்த்துக் கொதிக்கவிடுவர். நீர்க்க இருந்தால் குழம்பு, சுண்டினால் பச்சடி, எண்ணெய் பிரியும்வரை கிளறினால் தொக்கு. சாத்துக்குடித் தோல் கசப்பு மிகுந்ததால் இவ்வாறு பயன்படுவது அரிது. நார்த்தங்காயிலும் வெல்லம் சேர்த்த இனிப்புப் பச்சடி செய்யப்படுகின்றது.

வேப்பிலைக்கட்டி என்னும் பொடியில் வேப்பிலை இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அது நார்த்தை, எலுமிச்சை ஆகியவற்றின் இளந்தளிரை மிளகாய், உப்பு, ஓமம் முதலியவற்றுடன் இடித்துச் செய்வது. தோலில் உள்ள மண எண்ணெய் போன்றதே இலையிலும் உள்ளது.

கசப்பு

கசப்புக்கு இரு காரணங்கள் உண்டு. பம்பளிமாசு போன்றவற்றின் வெள்ளைப் பகுதியில் உள்ள நாரிஞ்சின் என்ற சேர்மம் உடனடியாகக் கசக்கும். ஆரஞ்சில் மிகுந்துள்ள எசுபெரிடின் ஏறத்தாழ அதே அமைப்புடையதாயினும் சுவையற்றது. இரண்டாவது லிமோனின், இது அரிந்து சற்று நேரம் சென்றபின் உருவாவது. பிழிந்து வைத்த சாத்துக்குடிச் சாறு நேரம் செல்லச் செல்லக் கசப்பதற்கு இதுவே காரணம். தோலை மஞ்சளிட்ட கொதிநீரில் ஓரிரு முறை போட்டு நீரை வடித்தால் கசப்புக் குறையும். நீரில் கரையும் சத்துக்களும் அந்நீரோடு போய்விடும். வெளியடுக்கை மட்டும் துருவியில் மெல்லத் துருவினால் இவ்விழப்பு இல்லை.

கவனிக்க வேண்டியவை

இறக்குமதியாகும் ஆரஞ்சுப் பழங்கள் பளபளப்பாக இருப்பது மெழுகுப் பூச்சால். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு ஆகியவற்றை அறிவிப்புடன் பூச இசைகின்றன. மெழுகைவிடக் கவனத்துக்குரியவை அழுகலைத் தடுக்க அறுவடைக்குப்பின் இடப்படும் இமாசலில், தயாபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள். இவை பெரும்பாலும் தோலிலேயே தங்குகின்றன. பழத்தை உரித்து உண்பவருக்குத் தோலே காப்பு. தோலையே உண்பவருக்கு அக்காப்பு இல்லை. வெந்நீரில் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பில் உள்ளது ஓரளவு நீங்கும், தோலினுள் ஊறியது நீங்காது. ஆகவே உண்ணும் பொருட்டுத் தோல் வேண்டுவோர் பூச்சில்லாத உள்ளூர்க் காயைத் தேர்வதே தக்கது. கொல்லை மரத்து நார்த்தங்காய் இவ்வகையில் மேலானது.

உப்பு நார்த்தங்காயின் பெருங்குறை அதன் பெயரிலேயே உள்ளது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. குருதி அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளோர் இவ்வூறுகாயை மருந்து எனக் கருதி உண்பது தீங்காக முடியலாம். பம்பளிமாசு, கிரேப் பழம் ஆகியவற்றில் உள்ள சில சேர்மங்கள் குருதிக் கொழுப்பு, குருதி அழுத்த மருந்துகள் சிலவற்றின் அளவை உடலில் கூட்டிவிடக் கூடியவை; இச்சேர்மங்கள் தோலிலும் உள்ளன.

எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் செல்வதும் தவிர்க்கத்தக்கது. அதிலுள்ள பியூரனோகூமரின் சேர்மங்கள் சூரிய ஒளி பட்டால் தீக்காயம் போன்ற கொப்புளங்களையும், நாட்பட்டு மறையும் கருந்தழும்புகளையும் உண்டாக்கும். ஊறுகாயைப் பித்தளை, செம்பு, அலுமினியக் கலங்களில் வைத்தால் புளிப்பு உலோகத்தை அரித்து உணவில் சேர்க்கும். பீங்கானும் கண்ணாடியும் ஏற்றவை.

பிற நாடுகளில்

சீனாவின் குவாங்துங் மாகாணத்தில் உள்ள சின்குயி பகுதியில் ஆரஞ்சுத் தோலை உலர்த்திப் பல ஆண்டுகள் வைத்திருந்து, சென்பி என்ற பெயரில் உணவுக்கும் மருந்துக்கும் பயன்படுத்துகின்றனர். நார்த்தங்காயைப் போலவே அங்கும் பழமைக்கு விலை அதிகம். மொரோக்கோவில் எலுமிச்சையை நான்காகக் கீறி உப்பிட்டு ஊறவைத்துத் தோலைக் கறியில் சேர்க்கின்றனர். இம்முறை நம் ஊறுகாயை மிக ஒத்தது, ஆனால் வெயிலில் காயவைப்பதில்லை. சிங்களவர் லுணு தெகி என்ற பெயரில் உப்பிட்ட தேசிக்காயை உண்கின்றனர். ஈரானில் தோலை மெல்லிய கீற்றாக அரிந்து கசப்பு நீக்கிச் சர்க்கரையுடன் சோற்றில் கலக்கின்றனர். ஆங்கிலேயரின் மார்மலேடு தோல் சேர்ந்த பழப்பாகு ஆகும். கிறித்துமசு கேக்கில் இடப்படும் இனிப்புத் துண்டுகளிலும் சர்க்கரைப் பாகில் ஊறிய தோல் உண்டு.

பிற பயன்கள்

பிழிந்த எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுப் பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தேய்த்தால் களிம்பு நீங்கும். சிட்ரிக் அமிலம் உலோக ஆக்சைடைக் கரைப்பதே காரணம். மீன் மிகுதியாக உண்ணப்படும் கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் மீன் அரிந்த கையை இம்மூடியால் தேய்த்துக் கழுவுவது பயன் தரும். மீன் நாற்றத்துக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உடையவை. அமிலத்துடன் சேர்ந்து அவை ஆவியாகாத உப்பாக மாறுவதால் நாற்றம் அடங்குகின்றது.

உலர்ந்த ஆரஞ்சுத் தோல் நலங்கு மாவில் ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு ஆகியவற்றுடன் அரைக்கப்படுகின்றது. இராகு காலத்தில் துர்க்கை சன்னதியில் ஏற்றப்படும் எலுமிச்சை விளக்கு, சாறு பிழிந்த அரைமூடியை உட்புறம் வெளியாகத் திருப்பிக் கிண்ணம் போலாக்கி எண்ணெயும் திரியும் இட்டது. கடலூர், சிதம்பரம் போன்ற நகரங்களின் பழச்சாறுக் கடைகளில் நாள்தோறும் சேரும் சாத்துக்குடித் தோலின் பெரும்பகுதி குப்பைக்கே செல்கின்றது. சாறு பிழிந்தபின் எஞ்சும் தோலும் சக்கையும் கனியின் எடையில் ஏறத்தாழப் பாதியாகும். இதனைக் கால்நடைத் தீவனத்துடன் சிறிதளவு சேர்க்கலாம். மக்க வைத்து உரமாக்கும்போது தோல் எண்ணெய் நுண்ணுயிர்களைத் தடுப்பதால் மற்றக் கழிவுகளைவிட மெதுவாகவே மக்கும். பொடியாக நறுக்கிச் சாணத்துடனும் சருகுடனும் கலந்தால் விரைவுபடும்.